நிற்கத் தெரிந்த பிறகே நடக்க வேண்டும்!



“உம்மா, கண்காட்சிக்கு எட்டடி உயரத்துல ஒரு ரோபோ செய்யப் போறோம்!” என்று பாடசாலை விட்டு வந்த பிள்ளை, புத்தகப் பையைக் கழற்றும் முன்பே சொன்னால் உங்கள் பதில் என்னவாக இருக்கும்? “முதல்ல சோதனைக்குப் படி” என்று வாயை அடைத்துவிடுவீர்களா? அல்லது “வாப்பாட்ட கேளு” என்று தள்ளிவிடுவீர்களா?

இரண்டும் வேண்டாம். ஒரேயொரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: “அது எப்படி நிற்கும்?”

எப்படி நடக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். எப்படிப் பேசும், கை எப்படி ஆடும், கண் எப்படி மின்னும் என்று ஊரே கேட்கும். ஆனால் சனக்கூட்டத்தின் நடுவே நூறு கிலோவைத் தாண்டிய ஓர் இயந்திரம் உருண்டு வருகிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று உம்மாவின் கையை உதறிவிட்டு அதன் முன்னால் ஓடுகிறது. அந்தக் கணத்தில் அது நிற்குமா? இதைத் தாய்தான் முதலில் கேட்பாள். அந்தக் கேள்வியே இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கடைத் திறப்பு விழா, வர்த்தகக் கண்காட்சி, பாடசாலை விழா என்று கூட்டத்தைக் கவர வேண்டிய இடங்களில் இப்போது உலகெங்கும் பெரிய ரோபோக்கள் உலாவுகின்றன. அவை எங்கிருந்து வந்தன? உள்ளே என்ன இருக்கிறது? நம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்று செய்ய நினைத்தால் வீட்டிலுள்ள நாம் எதைக் கவனிக்க வேண்டும்? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மாத்தளைக்கு இது புதிதா?

பேர் புதிது, வேலை பழையது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் நகர வீதியில் வலம் வருவதை நம் மாவட்டத்தவர் எல்லோரும் அறிவோம். அயலவரின் திருவிழா என்றாலும் அந்தத் தேர்களின் பொறிமுறையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. உயரமான, பாரமான ஒரு கட்டமைப்பு, இருபக்கமும் சனம் நிறைந்த வீதியில் நகர வேண்டும். வடம் பிடித்து இழுப்பவர்கள் பலர். தேர்ச் சில்லுக்குப் பக்கத்தில் மரக்கட்டையுடன் குனிந்து நடப்பவர்களோ சிலர்தான். வேகம் கூடினால் சில்லின் கீழே கட்டையைக் கொடுத்து நிறுத்துவதும், திருப்பத்தில் கட்டையைச் சரித்துக் கொடுத்துத் தேரைத் திருப்புவதும் அவர்கள் வேலை.

அந்தக் கட்டைக்குத்தான் முட்டுக்கட்டை என்று பெயர். நம் பேச்சில் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்றால் காரியத்தைக் கெடுக்கிறான் என்று அர்த்தம். தேர் ஓட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள். முட்டுக்கட்டை இல்லாமல் தேரை நிலையை விட்டு அசைக்கவே மாட்டார்.

நம் மாவட்டத்தின் வட பகுதியில் இருக்கும் சீகிரியாவையும் நினைத்துப் பாருங்கள். 5 ஆம் நூற்றாண்டில் அமைத்த பூங்காவின் நீரூற்றுகள், மழைக்காலத்தில் இன்றும் நீர் பீச்சுகின்றன. மின்சாரமும் இல்லை, பம்பும் இல்லை. மேட்டில் தேங்கிய நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே இறங்கி, துளையிட்ட கற்பலகை வழியாக மேலெழுகிறது. தானாக இயங்கும் பொறி என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

யானையின் வயிற்றில் ஒரு கிண்ணம்

நம் முன்னோரின் பங்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், தானியங்கிப் பொறிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர் அல்ஜஸரி. தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகித் மன்னர்களிடம் பணியாற்றிய பொறியியலாளர். 1206 ஆம் ஆண்டு அவர் முடித்த நூலில் 50 பொறிகளைப் படத்துடன் விளக்கினார். அந்த நூலை டொனால்ட் ஹில் என்பவர் 1974 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அல்ஜஸரியின் பொறிகளில் புகழ்பெற்றது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் சிறு துளையிட்ட ஒரு கிண்ணம் மிதக்கிறது. துளை வழியே நீர் மெல்ல மெல்ல ஏற, அரை மணிநேரத்தில் கிண்ணம் மூழ்குகிறது. மூழ்கும்போது கயிற்றை இழுக்கிறது. மேலிருந்து ஓர் உருண்டை விழுகிறது; பறவை சுழல்கிறது; பாகன் அடிக்கிறான்; கிண்ணம் மீண்டும் மேலே வருகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு மாயம். உள்ளே இருப்பதோ ஓட்டைக் கிண்ணம்!

வுழூ செய்வதற்கு நீர் வார்க்கும் பொறியையும் அவர் அமைத்தார். மயில் வடிவத் தொட்டி ஒன்றில் நீர் நிரம்ப நிரம்ப உள்ளே மிதவை எழும்பும்; கதவு திறந்து ஒரு பொம்மை கை கழுவும் பொடியைக் கொண்டுவரும்; மற்றொன்று துவாய் நீட்டும். ஒரு காரியம் நடந்தபின் அடுத்தது, அது முடிந்தபின் அடுத்தது என்ற ஒழுங்கைத் தண்ணீரைக் கொண்டே அவர் அமைத்தார். இன்று கணினிச் சில்லுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையும் அந்த ஒழுங்குதான்.

டுபாயில் 2005 இல் திறக்கப்பட்ட இப்னு பதூதா வணிக வளாகத்தில் இந்த யானைக் கடிகாரத்தின் பெரிய மாதிரியை வைத்திருக்கிறார்கள். அங்கே தொழிலுக்குப் போன நம் உறவுகளில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். கடைக்கு ஆள் சேர்க்க அல்ஜஸரியின் யானை இன்றும் உழைக்கிறது!

விளம்பரத்துக்கென்று பிறந்தவர்கள்

‘ரோபோ’ என்ற சொல் செக் மொழி எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. கட்டாய உழைப்பு என்பதே அதன் வேர்ப்பொருள். ஆனால் முதலில் செய்யப்பட்ட இயந்திர மனிதர்கள் உழைக்க வரவில்லை. கூட்டம் சேர்க்கவே வந்தார்கள். 1928 இல் லண்டனில் நடந்த ஒரு பொறியியல் கண்காட்சியை எரிக் என்ற அலுமினிய மனிதன் எழுந்து நின்று, தலை தாழ்த்தி, திறந்து வைத்தது. எழும்பும், பேசும், நடக்கத் தெரியாது.

1939 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் எலக்ட்ரோ என்ற இயந்திர மனிதனைக் கொண்டுவந்தது. உயரம் ஏழடி, எடை ஏறத்தாழ 120 கிலோ. விரல் விட்டு எண்ணியது. சுமார் 700 சொற்கள் பேசியது. பேச்செல்லாம் இசைத்தட்டில் பதிந்து வைத்தவை. நடை? ஒரு காலை மடக்கி மடக்கி நீட்ட, பாதத்தின் அடியிலிருந்த சில்லுகள் உருட்டிச் சென்றன. சொன்னதைக் கேட்டு நடப்பதாகத் தோன்றினாலும் சொல்லின் பொருள் அதற்குத் தெரியாது. குரலில் எத்தனை அசைகள் என்பதைத்தான் மின்துடிப்புகளாக எண்ணிக்கொண்டது.

2000 ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் அசிமோவை அறிமுகப்படுத்தியபோது அது உண்மையாகவே இரண்டு காலில் நடந்தது. ஆனால் உயரம் 120 சென்டிமீற்றர்தான்! உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண் மட்டத்துக்கு அது போதும் என்று கருதினார்கள். பெரிய உருவம் கூட்டத்தை இழுக்கும். சிறிய உருவம் பயத்தைக் குறைக்கும். பெரிதாகத்தான் செய்வேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கேற்ப மெதுவாகவும் செய்ய வேண்டும். பிரான்சின் நான்ட் நகரில் 2007 முதல் உலாவும் இயந்திர யானை 12 மீற்றர் உயரமும் 48 தொன் அளவு எடையும் கொண்டது. 50 பேரளவில் சுமந்து செல்கிறது. ஆனால் மனிதர் நடக்கும் வேகத்தை அது தாண்டுவதில்லை.

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள இரிஞ்ஞாடப்பிள்ளி கோயிலுக்கு 2023 பெப்ரவரியில் ‘ராமன்’ என்ற இயந்திர யானையை பீட்டா இந்தியா அமைப்பு அன்பளிப்பாகக் கொடுத்தது. உயரம் பத்தடிக்கு மேல். எடை 800 கிலோ. இரும்புச் சட்டம், அதன்மேல் இறப்பர் தோல். காதும் கண்ணும் தும்பிக்கையும் வாலும் மின்மோட்டர்களால் அசைகின்றன. கீழே சில்லுப் பீடம். இதைச் செய்த கைவினைஞர்கள் அதற்கு முன் டுபாய் ஷொப்பிங் திருவிழாவுக்கு யானைகள் செய்து பழகியவர்கள். விளம்பரத்துக்காகக் கற்ற கை, பிற்காலத்தில் ஓர் உயிரைச் சங்கிலியிலிருந்து காப்பாற்ற உதவியது. தொழில் கற்றவன் கை எங்கே எப்போது பயன்படும் என்று யார் சொல்ல முடியும்?

உள்ளே என்னதான் இருக்கிறது?

சரி, எட்டடி ரோபோ ஒன்றைத் திறந்து பார்ப்போம்.

அடியில் இரும்புப் பீடம். மூன்றடிக்கு மூன்றடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் மோட்டர் பூட்டிய இரண்டு சில்லுகள். முன்னும் பின்னும் தானாகச் சுழலும் சிறு சில்லுகள். இரண்டு மோட்டர்களும் ஒரே வேகத்தில் ஓடினால் நேரே போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் ஓடினால் நின்ற இடத்திலேயே சுழலும். ஸ்டியரிங் எதுவும் தேவையில்லை.

மோட்டருக்குப் பெரிய பலம் வேண்டுமே என்று நினைப்பீர்கள். கணக்குப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். 120 கிலோ எடையை, நூறு அடிக்கு ஒன்பது அடி உயரும் சரிவில், செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஏற்ற 65 வாட் அளவு சக்தியே போதும். உங்கள் மேசை மின்விசிறி எடுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். புறப்படும்போது கூடுதல் இழுவை வேண்டும், பற்சக்கரத்திலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் மின்சாரச் சக்கர நாற்காலியில் வரும் 250 வாட் மோட்டர்கள் இரண்டு பூட்டினால் தாராளம்.

பற்றரி? 12 வோல்ட், 40 அம்பியர் மணி பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். ஈய அமில பற்றரியை அடிவரை வற்றவிடக் கூடாது. பாதியோடு நிறுத்த வேண்டும். ஓட்டம், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து சராசரி 150 வாட் எடுத்தால் மூன்று மணிநேரம் தாக்குப்பிடிக்கும்.

இனித்தான் முக்கியமான இடம். அந்த பற்றரிகளை எங்கே வைப்பது? உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சாப்பாட்டுக் கரியரை அடுக்கும்போது குழம்பையும் சோற்றையும் அடியில் வைத்து, பப்படத்தை மேலே வைக்கிறோம் அல்லவா? அதே நியாயம். மூன்றடி அகலப் பீடத்தில், முழுப் பாரத்தின் மையமும் நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் 37 பாகை சாயும்வரை அது விழாது. பாரம் நாலடிக்கு ஏறிவிட்டால் 20 பாகையிலேயே குப்புற விழும். திடீரென்று பிரேக் பிடித்தாலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே கனமானவை எல்லாம் கீழே. தலையும் கையும் வெறும் நுரைத் தட்டு, துணி, மெல்லிய பைபர். ஏலக்காய்ச் சாக்கைப் போல் மேலே இலேசாக இருக்கட்டும்!

இன்னும் ஒன்று. செய்து முடித்த பிறகு அறைக் கதவால் வெளியே எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே கதவையும் பட்டா லொறியின் பின்பக்கத்தையும் அளந்துவிட வேண்டும். இடுப்பில் கழற்றி இரண்டு துண்டாக்கும்படி அமைப்பது புத்திசாலித்தனம்.

ரோபோவின் முட்டுக்கட்டைகள்

மேடைக்கு விடும் முன் பிள்ளைகளிடம் ஐந்து காரியங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று: உடம்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் மோட்டருக்குப் போகும் மின்சாரம் நேரடியாகவே அறுந்துவிட வேண்டும். கணினிச் சில்லுக்குச் செய்தி போய், அது யோசித்து நிறுத்தும் ஏற்பாடு உதவாது. அந்தச் சில்லே குழம்பிய நேரத்தில்தான் பொத்தான் தேவைப்படும்.

இரண்டு: ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். கடைசியாகக் கேட்ட கட்டளைப்படி ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது.

மூன்று: மின்சாரம் நின்றதும் தானாகப் பிடிக்கும் பிரேக். சக்கர நாற்காலி மோட்டர்கள் பலவற்றில் இது இருக்கிறது. நம் மலைநாட்டில் சரிவில்லாத முற்றம் எத்தனை? மாத்தளையில் இது இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

நான்கு: கைமூட்டு, கழுத்து போன்ற இடுக்குகளில் சின்ன விரல்கள் போகாதபடி துணியாலோ இறப்பராலோ மூடியிருக்க வேண்டும். குழந்தைக்கு அதன் கையைப் பிடித்துக் குலுக்கத்தான் ஆசை வரும்.

ஐந்து: எப்போதும் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். “முன்னால் ஆள் வந்தால் கண்டுபிடிக்கும் உணரி பூட்டியிருக்கிறோமே” என்று பிள்ளைகள் சொல்வார்கள். பாடசாலைக் கருவிகளில் அதிகம் பயன்படும் உணரி, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. சுவரிலும் மேசையிலும் பட்டால் ஒலி நன்றாகத் திரும்பும். மெத்தென்ற துணி அந்த ஒலியை உறிஞ்சிவிடும். அபாயாவும் சேலையும் அணிந்த பெண்களை அது சரியாகக் காணாமல் போகலாம். இடுப்பு உயரத்தில் பூட்டிய உணரிக்குத் தவழும் குழந்தை தெரியவே தெரியாது. ஆகவே பீடத்தைச் சுற்றி மெத்தையான பட்டை ஒன்றை வைத்து, எதில் பட்டாலும் உடனே நிற்கும்படி ஒரு சுவிட்ச் பொருத்துவது நல்லது. அதற்குமேல் மனிதக் கண்ணை விட்டால் வேறு காவல் இல்லை.

கண்ணைக் கட்டும் வேலை வேண்டாம்

விளம்பர மேடையில் இன்னொரு சோதனையும் உண்டு. 2018 டிசம்பரில் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு தொழில்நுட்ப விழாவில் ‘நவீன ரோபோ’ ஒன்று ஆடிப் பாடியதாக அரச தொலைக்காட்சி புகழ்ந்தது. பிறகு பார்த்தால், அது ரோபோ உடை அணிந்த ஒரு மனிதர்! உடை அணிந்து ஆடுவது குற்றமில்லை. அதை இயந்திரம் என்று சொன்னதுதான் குற்றம்.

நம் பிள்ளைகளின் ரோபோ பேசுவதற்குத் திரைக்குப் பின்னால் ஒருவர் மைக் பிடித்திருந்தால் அதைச் சொல்லிவிடட்டும். “பின்னால் நின்று நாங்கள்தான் பேசுகிறோம், வந்து பாருங்கள்” என்று சொன்னால் கூட்டம் குறையாது, கூடும். சரக்கின் குறையைச் சொல்லி விற்கும் வியாபாரம்தான் பரக்கத்துள்ள வியாபாரம் என்று நமக்குத் தெரியாதா?

உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்யலாமா என்ற கேள்வியும் நம் வீடுகளில் எழும். எழ வேண்டிய கேள்விதான். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒன்று: நகரும் இயந்திரத்துக்கு முகம் கட்டாயமில்லை. எட்டடி உயரத் தேநீர்க் கேத்தல் ஒன்று உருண்டு வந்து கோப்பையில் ஊற்றினால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? கொக்கோக் காய், மிளகுக் கொடி, ஏலக்காய்ப் பெட்டி என்று மாத்தளைக்கே உரிய வடிவங்கள் எத்தனை இருக்கின்றன!

மகளிடமும் ஸ்பெனரைக் கொடுங்கள்

இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள் சகோதரிகளே. 10 ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் ஸைபுத் தௌலாவின் அவையில், வானியல் கருவியான அஸ்தர்லாப் செய்பவர்களில் ஒருவராக ஒரு பெண் இருந்தார். அல்இஜ்லிய்யா என்று இப்னுந் நதீம் தம் நூற்பட்டியலில் அவரைக் குறித்திருக்கிறார். அவருடைய தந்தையும் அதே தொழில் செய்தவர்.

ரோபோவின் மேல்தோலை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நீங்கள் சட்டை வெட்டுவது போலத்தான். முதலில் கடதாசியில் அளவு வெட்டி, வளைவு வரும் இடத்தில் மடிப்புக் கொடுத்து, அதன்படி நுரைத் தட்டை வெட்டி ஒட்டுகிறார்கள். தையல் தெரிந்த மகளுக்கு அந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியான வயரிங்கையும் கணக்கையும் கற்கவும் வழி இருக்கிறது. 2013 முதல் நம் நாட்டில் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

விளம்பரப் பொம்மைதானே, இதனால் என்ன பயன் என்று இன்னும் சந்தேகமா? பெங்களூரில் செய்யப்பட்ட மித்ரா என்ற ரோபோ, 2017 நவம்பரில் ஹைதராபாத் மாநாடு ஒன்றில் பிரமுகர்களை வரவேற்கும் காட்சிப் பொருளாகத்தான் புகழ் பெற்றது. 2020 இல் கொரோனா பரவியபோது அதே மித்ரா மருத்துவமனைகளுக்குப் போனது. கட்டிலில் தனித்துக் கிடந்த நோயாளியின் பக்கத்தில் போய் நின்று, தன் நெஞ்சிலிருந்த திரையில் அவருடைய குடும்பத்தாரின் முகத்தைக் காட்டியது. யாரும் கிட்டப் போக முடியாத நாட்களில், மகளின் குரலை உம்மாவின் கட்டிலுக்குக் கொண்டு சேர்க்க ஓர் இயந்திரத்தால் முடிந்தது.

அங்கேயும் அது மெதுவாகத்தான் போயிருக்க வேண்டும்; கட்டிலில் இடிக்காமல் நின்றிருக்க வேண்டும். விழா முற்றத்தில் கற்ற பாடம் நோயாளியின் அறையிலும் அதே பாடம்தான்.

ஆகவே பிள்ளை கேட்டால் மறுக்காதீர்கள். செலவுக்கு ஓர் எல்லை போடுங்கள். பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் வெல்டிங் வேலை நடக்கட்டும். முற்றத்தில் முதல் ஓட்டம் பார்க்கும் நாளில், பாதையின் குறுக்கே ஒரு பழைய தலையணையை வையுங்கள். இயந்திரம் அதைத் தொட்டதும் நிற்கிறதா? நின்றால் “மாஷா அல்லாஹ்” சொல்லி விழாவுக்கு அனுப்புங்கள். நிற்காவிட்டால், அன்று உங்கள் வீட்டில் முட்டுக்கட்டை நீங்கள்தான்!